என் மகள் அழுத முகம்

என் மகள் அழும் முகம் எத்தனை பேருடைய போனில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வழியில்லை என்பது மற்றவர்களை விட எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ஆசிரியை. வருடா வருடம் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். "ஒருக்காப் போட்டாப் போட்டதுதான், மறுகா அழுதாலும் வராது, தொழுதாலும் வராது" என்று விரலை நீட்டி, கண்ணை உருட்டிச் சொல்வேன். பிள்ளைகளும் பயந்ததுபோலத் தலையாட்டும். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த முகம் ஒரு வட்ஸ்அப் ஸ்டிக்கர். சுற்றியிருந்ததையெல்லாம் வெட்டிவிட்டுத் தலையை மட்டும் எடுத்தது. நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சரிந்திருக்கும். வாய் கோணி, கீழுதடு பிதுங்கி, கண் மை கன்னம் வரைக்கும் வழிந்திருக்கும். அவளுடைய பன்னிரண்டு வயது முகம். அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். சிரித்ததோடு விட்டிருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

நான் வளர்ந்த காலத்து இணையத்தில் முகமே இல்லை. அதை முதலில் சொல்லவேண்டும்.

உயர்தரம் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. நாட்டில் சமாதானப் பேச்சு நடந்தது. சோதனைச் சாவடிகளில் கெடுபிடி கொஞ்சம் குறைந்து, செட்டிபாளையத்திலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு பஸ்ஸில் டியூசனுக்குப் போய்வர முடிந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் நெட் கபே இருந்தது. ஒட்டுப்பலகை அடித்துப் பிரித்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீலைத் திரை. என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன்தான் முதன்முதல் கூட்டிப்போனார். அவர் பக்கத்து அறைக்குள் இருந்து வேலை தேடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கார்ப் படம் பார்ப்பார். நான் சட் அறைக்குள் போய்விடுவேன்.

அங்கே எனக்கு ஒரு பூவின் பெயர். கனடாவில் இருக்கிறேன், மருத்துவம் படிக்கிறேன் என்று எழுதுவேன். பனி எப்படி இருக்கும் என்று ஒருவன் கேட்டான். ஐஸ் பழக்காரரின் பெட்டியைத் திறக்கும்போது வருகிற புகையை நினைத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுதினேன். நம்பிவிட்டான். அவனும் வாழைச்சேனையில் எங்கேயோ இருந்துகொண்டுதான் லண்டன் என்று சொல்லியிருப்பான். பொய்க்குப் பொய். யாருக்கும் நட்டமில்லை. என் பல் கொஞ்சம் முன்னால் இருப்பதையும், வீட்டுக்கூரை ஒழுகுவதையும், இரண்டு சட்டையை மாற்றி மாற்றிப் போடுவதையும் அங்கே ஒருவரும் காணவில்லை. நான் என்ன சொன்னேனோ அதுதான் நான்.

நேரம் முடிந்ததும் கடைக்காரர் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். எழும்பி வந்துவிடவேண்டும். படியிறங்கினால் இணையம் மேலே, நான் கீழே. அது என்னோடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வராது. அம்மா மட்டும், "தெரியாத ஆக்களோட கதைக்காத, ஏமாத்திக் கூட்டிக்கொண்டு போயிடுவானுகள்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் காலத்துப் பயமெல்லாம் தெரியாத ஆட்களைப் பற்றித்தான். தெரிந்தவர்களால் ஒரு கேடு வரும் என்று எந்தத் தாயும் பிள்ளைக்குச் சொல்லி வைக்கவில்லை.

பிறகு கடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாங்கள் எல்லோரும் ஆராதனைக்குப் போயிருந்தோம், உயிர் தப்பினோம். வீட்டில் இரண்டு சுவர் மிஞ்சியது. அலுமாரி போனது, அதற்குள் இருந்த அல்பங்களும் போயின. நான் பெரிய பிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுப் படம் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. அன்று நான் கட்டியிருந்த சீலை என்ன நிறம் என்று நானும் அம்மாவும் இப்போதும் சண்டை பிடிப்போம். அவர் மாம்பழ மஞ்சள் என்பார். நான் கத்தரிப்பூ நிறம் என்பேன். தீர்ப்புச் சொல்ல ஒரு படமில்லை.

இதையெல்லாம் சொல்வது என்னை நியாயப்படுத்த அல்ல. கொஞ்சம் நியாயப்படுத்தவும்தான், ஏன் மறைக்கவேண்டும். மகள் பிறந்தபோது பேஸ்புக் வந்துவிட்டது. கடலால் அள்ளிக்கொண்டு போகமுடியாத ஓர் அலுமாரி கிடைத்தது என்றுதான் அதைப் பார்த்தேன். வயிற்றுக்குள் இருந்தபோது எடுத்த ஸ்கான் படத்தைப் போட்டேன். மொட்டை அடித்ததைப் போட்டேன். முதல் பல் விழுந்தபோது பல்லையும் போட்டேன், பொக்கை வாயையும் போட்டேன். ஞாயிறு பாடசாலை நாடகத்தில் ஆட்டுக்குட்டியாக வந்தவள் மேடையிலேயே நித்திரையாகிவிட்டதைப் போட்டேன். யாரும் பார்க்கலாம் என்றே வைத்திருந்தேன். யார் பார்க்கப்போகிறார்கள், எங்கட ஆட்கள்தானே என்ற நினைப்பு. "எங்கட செல்லம்" என்று நாலு நாட்டிலிருந்து சொந்தக்காரர் எழுதுவார்கள். அதை வாசித்து வாசித்து நான் வளர்ந்தேன். ஆனால் அங்கே வளர்ந்துகொண்டிருந்தது அவள். அவளிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

அவள் பெரிய பிள்ளையானபோது அண்ணன் சுவிஸில் இருந்தார். போய் ஒன்பது வருடம். அங்கே அவருடைய அகதி வழக்கு முடியவில்லை, விசா இல்லை, வெளியே வந்தால் திரும்பிப் போகமுடியாது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் சாமத்திய வீடு செய்வதென்றால் அது குறைதான். மெதடிஸ்த சபை, போதகர் வந்து ஜெபம் பண்ணுகிற வீடு என்றாலும் தாய்மாமனின் இடம் தாய்மாமனுக்குத்தான். அவளுக்கும் மாமா என்றால் உயிர். மூன்று வயதில் அவர் தூக்கி வைத்திருந்தது நினைவிருக்கிறது என்பாள். நினைவிருக்காது, படத்தில் பார்த்திருப்பாள் என்று நான் சொல்லிவிடுவேன்.

மண்டபத்தில் மகளுக்குப் பக்கத்தில் மாமாவுக்கென்று ஒரு கதிரை போட்டோம். கதிரைக்கு வெள்ளைத் துணி விரித்து, நடுவில் ஒரு செம்பை வைத்து, செம்பில் என் போனைச் சாய்த்து வைத்தோம். போனுக்குள் அண்ணன் கோட் போட்டுக்கொண்டு இருந்தார். வந்தவர்கள் எல்லோரும் கதிரைக்கு முன்னால் குனிந்து, "என்ன மச்சான், சுகமா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அலங்காரம் செய்த பிள்ளை மகளின் தலையில் கொண்டையை வைத்து, ஊசி ஊசியாகக் குத்தி இறுக்கியிருந்தது. காலையிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. நான் வந்தவர்களைக் கவனிக்கிறதும், வீடியோக்காரரோடு வாய் கொடுக்கிறதுமாக ஓடித்திரிந்தேன். மாமாவும் பார்க்கட்டும் என்று போனை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எல்லோரும் சூழ்ந்து நின்ற நேரத்தில் மகள் வாயைக் கோணிக்கொண்டு "ஓ" என்று அழத் தொடங்கிவிட்டாள். மண்டபம் முழுவதும் சிரிப்பு. "கொண்ட குத்துதாக்கும், பாவம்" என்று யாரோ சொன்னார்கள். நானும் அதையே சொல்லிச் சிரித்தேன்.

வீடியோ வந்ததும் முழுவதையும் போட்டேன். அதோடு நிற்கவில்லை. பாடசாலை விடுமுறை வந்தது. கை சும்மா இருக்குமா? படத்தை வெட்டி ஸ்டிக்கர் செய்கிற ஒரு செயலியைப் போனில் இறக்கினேன். அதில் நான் செய்த முதல் ஸ்டிக்கர் அவள் அழுத முகம். நல்ல சுத்தமாக, தலைமயிர் ஓரம்கூடப் பிசிறு இல்லாமல் வெட்டினேன். தொழில் தெரிந்த கை. செய்தவர் பெயர் என்ன என்று செயலி கேட்டது. எதையோ தட்டிவிட்டுக் குடும்பக் குறூப்பில் அனுப்பினேன்.

அன்றைக்கு என் மீது பொழிந்த பாராட்டு நான் நியமனம் பெற்றபோதுகூடக் கிடைக்கவில்லை. கரண்ட் போனால் அந்த ஸ்டிக்கர். கிரிக்கெட்டில் தோற்றால் அந்த ஸ்டிக்கர். வெள்ளம் வந்து படுவான்கரையில் எங்கள் வயல் வட்டை மூழ்கிவிட்டது என்று என் கணவர் கவலையோடு எழுதியபோதும், ஆறுதல் சொல்கிற மாதிரி ஏழெட்டுப் பேர் அதையே அனுப்பினார்கள். பனிச்சங்கேணியில் இருக்கிற மச்சாள் தன் பிள்ளைகளுக்கு அனுப்பினார். அவர்கள் தங்கள் கூட்டாளிகளுக்கு. ஒவ்வொரு கையும் அன்பான கைதான். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை.

மகளுக்கு இது ஒன்றும் தெரியாது, அவளிடம் போன் இல்லை. சாதாரண தரப் பரீட்சை வகுப்பு வரும்வரை போன் கிடையாது என்பது என் சட்டம். "இன்டர்நெட் பொல்லாத இடம் மகள்" என்று சொல்லி வைத்திருந்தேன். பிள்ளையை இணையத்திலிருந்து காப்பாற்றுகிற தாய் என்று எனக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. பெற்றோர் கூட்டங்களில் என்னை எழுப்பிப் பேசச் சொல்வார்கள்.

சென்ற வருடம் சாதாரண தரம் வந்தது. தேற்றாத்தீவில் கணித டியூசனுக்குச் சேர்ந்தாள். அங்கே பயிற்சித் தாள்களை வட்ஸ்அப் குறூப்பில்தான் போடுகிறார்கள் என்றதால் ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம். முதல் வாரம் அதைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். இரண்டாவது வாரம் டியூசனிலிருந்து வந்தவள் சாப்பாடு வேண்டாம் என்றாள். அடுத்த நாள் தலையிடி என்றாள். அதற்கு அடுத்த வகுப்புக்கும் போகவில்லை. நான் கத்தினேன். கணிதத்தை விட்டுவிட்டு என்ன செய்யப்போகிறாய், மாடு மேய்க்கப்போகிறாயா என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். அவள் போனை நீட்டினாள்.

யாரோ ஒரு பிள்ளை பரீட்சைத் திகதியைப் பார்த்துவிட்டு, அழுகைக்கு அடையாளமாக அந்த ஸ்டிக்கரைப் போட்டிருந்தது. அது யாருடைய முகம் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. கொஞ்சம் கீழே இன்னொரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. "ஏய், இது நம்மட கிளாஸ்ல இரிக்கிற புள்ளடா. சாமத்திய வீட்டில எடுத்தது." அதற்குக் கீழே வரிசையாக அந்த முகம்தான். பொடியன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற வகுப்பு.

"இது நான்தானே அம்மா?" என்று கேட்டாள்.

ஓம் மகள், அம்மாதான் செய்தேன், விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம் என் வாயில் வந்தது வேறு.

"ஆருட வேல இது? எந்த நாய் செய்தது? கண்டுபிடிச்சிக் காட்டுறன் பார்."

இவ்வளவு வேகமாகப் பொய் சொல்லத் தெரியும் என்று எனக்கே தெரியாது. சட் அறையில் சொன்ன பொய்களுக்குக்கூட நான் கொஞ்சம் யோசித்திருக்கிறேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி, கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

என் கணவர் முற்றத்தில் இருந்து மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். அவரும் அந்தக் குடும்பக் குறூப்பில் இருப்பவர்தானே. "செய்தது செய்தாச்சி. சொல்லிப்போடு" என்றார் மெதுவாக. "நீங்க சும்மா இரிங்க" என்றேன். அவர் சும்மா இருந்தார். அந்த மனிதரின் பெரிய குறையே நான் சொன்னால் கேட்பதுதான்.

சொன்னதைச் செய்துகாட்டவேண்டும் அல்லவா? குடையை எடுத்துக்கொண்டு தேற்றாத்தீவுக்குப் போனேன், கணிதம் படிப்பிக்கிற டியூசன் சேர் வீட்டுக்கே. "உங்கட வகுப்பில பொம்புளப் புள்ளையளுக்கு மரியாதையே இல்லையா சேர்?" என்று தொடங்கி, இணையப் பாதுகாப்பு பற்றி என் பாடத்தில் உள்ள அத்தனையையும் ஒப்புவித்தேன். பாவம் அந்த மனிதர். "நான் குறூப்பில சொல்றன் டீச்சர், இனி அப்படி நடக்காது" என்று மூன்று தரம் சொன்னார். தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி என்ன விசயம் என்று கேட்டு, தன் போனை எடுத்துப் பார்த்தார்.

"இந்தப் புள்ளயா உங்கட மகள்? ஐயோ டீச்சர், எங்கட சபை லேடீஸ் குறூப்பில இது வராத நாளே இல்ல. சரியான வடிவு. ஆர் செய்தாங்களோ, நல்லாச் செய்திரிக்காங்க."

நான் தேநீரைக் குடித்தேன். வரும்போது பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தேன். ஜெபக் கூட்டத்துப் பெண்கள் வரைக்கும் போயிருக்கிறது. போதகரின் மனைவி, மீன் கொண்டுவருகிற அக்கா, என்னோடு படிப்பிக்கிற ஆசிரியைகள் என்று எதிரில் வந்தவர்களின் கையில் இருந்த போனையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். என் பிள்ளை இதுவரை முகம் காணாத ஆட்கள் எல்லாம் அவளுடைய அழுகையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார்கள், தேவைப்படும்போது எடுத்துக் கொடுக்கிறார்கள். அவளோ வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விட, பிடிபட்டுவிடுவேனோ என்ற பயம்தான் கூட. அதைச் சொல்லத்தான் இன்னும் வெட்கம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இதெல்லாம் லேசில கண்டுபிடிக்க ஏலா மகள். ஆரோ பேஸ்புக்கில இரிந்து எடுத்துச் செய்திரிக்காங்க."

"ஆரோவா?"

"ஓம்."

அந்த வாரம் முழுவதும் வீட்டில் நல்ல பிள்ளையாக இருந்தாள். கூப்பிட்டால் வந்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். டியூசனுக்கு மட்டும் போகவில்லை. நான் பக்கத்தில் போனால் புத்தகத்தை விரிப்பாள். ஏதாவது கதை கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். பாடசாலையில் நடந்ததையெல்லாம் வாசற்படி ஏறும்போதே கொட்டிவிடுகிற பிள்ளை அவள். இப்போது விருந்தாளி வீட்டில் இருப்பதுபோல் எனக்கு மரியாதை கொடுத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் நான் குசினியில் இறால் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, அந்த ஸ்டிக்கரை ஒருக்கா அமத்திப் பார்த்தா, செய்தவங்கட பேர் கீழ வரும். நீங்க ஐ.சி.டி. டீச்சர். உங்களுக்குத் தெரியாதா?"

நான் நிமிரவில்லை. "என்ன பேர் வருது?"

"அம்மா எண்டு வருது."

செயலி பெயர் கேட்டபோது தட்டிய 'எதையோ' அதுதான். என்னை நான் வேறு எப்படி எழுதுவேன்? இறாலின் தோல் விரலில் குத்தியபடி இருக்க, குனிந்தே இருந்தேன்.

"முதல் நாளே பாத்திட்டன். கிளாஸ்ல எல்லாரும் பாத்திட்டாங்க. உன்ட அம்மாதானே செய்தவ எண்டு கேட்டாங்க. இல்ல, எங்கட அம்மா அப்பிடி ஒருநாளும் செய்யமாட்டா, அவ மத்தப் புள்ளையளுக்கே அப்பிடிச் செய்யக்கூடாதெண்டு படிப்பிக்கிறவ எண்டு சொன்னன். அதுக்குப் புறகுதான் வந்து உங்களுக்குக் காட்டினன். நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு இரிந்தன்."

"மகள்..."

"சேர் வீட்டுக்கும் போனீங்க. இப்ப சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்க எண்டு இரிந்தன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். இறால் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. எப்போதும் இப்படியான நேரத்தில் அவள் வந்து என் கண்ணைத் தன் சட்டையால் துடைத்துவிடுவாள். அன்றைக்கு அந்த இடத்திலேயே நின்றாள்.

"இன்னொண்டு. கொண்ட குத்தி அழுதன் எண்டு எல்லாரிட்டயும் சொல்லியிரிக்கீங்க. கொண்ட குத்தினதுக்கு நான் அழல்ல. போனுக்குள்ள மாமா அழுதார். ஒருத்தரும் அவரைப் பாக்கல்ல. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

செம்பில் சாய்ந்திருந்த போனின் கண்ணாடிப் பக்கம் அவளைப் பார்த்துத்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் அதன் முதுகுப் பக்கம் நின்றோம். இதை யோசித்துப் பார்க்க எனக்கு மூன்று வருடம் பிடித்திருக்கிறது. அந்த முகத்தை அணு அணுவாகப் பெருப்பித்துப் பார்த்து, மயிரிழை பிசகாமல் வெட்டியவள் நான். அதில் இருந்தது என்ன அழுகை என்று மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் ஆராதனை முடிந்து வந்து அழிக்கத் தொடங்கினேன். பொக்கை வாய், ஆட்டுக்குட்டி, மொட்டைத் தலை என்று ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றின் கீழும் சொந்தக்காரரின் அன்பு நீள நீளமாக இருந்தது. சிலர் இப்போது உயிரோடும் இல்லை. அதையும் சேர்த்துத்தான் அழிக்கவேண்டியிருந்தது. அழித்து என்ன? நான் வைத்திருந்ததைத்தான் நான் அழிக்கலாம். பிறகு சொந்தக்காரருக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்து, அந்த ஸ்டிக்கரை அழித்துவிடுங்கள் என்று கேட்டேன். "இதுக்கெல்லாமா?" என்றார் என் கணவரின் அக்கா. "நாங்க என்ன பிற ஆக்களா?" என்று மச்சாள் கோபித்துக்கொண்டார். அழித்துவிட்டேன் என்று ஒருவர் எழுதினார், எழுதிவிட்டு வருத்தத்துக்கு அடையாளமாக அதே ஸ்டிக்கரை அனுப்பினார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அண்ணனிடம் கடைசியாகத்தான் கேட்டேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். அவர் அழுததை மகள் கண்டாள் என்பதையும் சொன்னேன்.

"நான் அழிச்சிடுறன் புள்ள. எண்டாலும் மறுகா எனக்குப் படம் ஒண்டும் அனுப்பமாட்டியா?"

"அவள்ட்டக் கேட்டுத்தான் அண்ணன். அவள் ஓம் எண்டாத்தான்."

"எனக்குமா?"

பிள்ளை வளர்ந்ததை அந்த மனிதர் படத்தில் மட்டுமே கண்டவர். அவளுக்குச் செய்த பிழையைத் திருத்தப் போய், ஒரு பாவமும் அறியாத அவருடைய ஒரே யன்னலை அடைக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளி நான்தான். "இப்ப ஒருக்கா முகத்தை மட்டும் பாக்கலாமா? கேட்டுப் பாரு" என்றார். போனைப் பிடித்துக்கொண்டே மகளின் அறைக்குப் போனேன்.

"மாமா வீடியோவில ஒருக்காக் கதைக்கலாமா எண்டு கேக்கார். விருப்பமில்லாட்டி வேணாம் மகள்."

யோசித்தாள். மேசையில் கணிதத் தாள்கள் விரிந்து கிடந்தன. டியூசனுக்குப் போகாவிட்டாலும் யாரோ கூட்டாளிப் பிள்ளை படம் எடுத்து அனுப்பியதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கதைக்கிறன். என்ட போன்ல எடுக்கிறன்" என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா? போனையும் கொண்டு போங்க."

நான் வெளியே வந்தேன். அவள் கதவைச் சாத்தினாள். மெல்லிய பலகைக் கதவு, உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும். அண்ணன், "அடடா, என்ன இப்பிடி வளந்திட்டீங்க!" என்றார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது.

"மாமா, ஸ்கிரீன்ஷொட் எடுக்கமாட்டீங்கதானே?"

"எடுக்கமாட்டன் மகள்."

"சத்தியம்?"

"சத்தியம் பண்ணக்கூடாதெண்டு வேதத்தில இரிக்கி. எண்டாலும் உங்களுக்குப் பண்றன். கர்த்தர் மன்னிப்பார். சத்தியம்."

பிறகு இரண்டு பேரும் என்னென்னவோ கதைத்தார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். இனி எதையும் போடமாட்டேன், உன்னைக் கேட்காமல் ஒரு படம்கூட எடுக்கமாட்டேன் என்று ஒரு சத்தியத்தை நானும் வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் திரிகிறேன். அவள் கேட்டால் அந்த இடத்திலேயே செய்துகொடுப்பேன். என்னிடம் அவள் இன்னும் கேட்கவில்லை.